தலவில அன்னம்மாள் கோயிலும் நம்ம தோட்டத்துக் கோயிலும்

(தலவிலத் திருவிழாவுக்குச் சென்ற தோட்ட யாத்திரிகர்கள் நுரைச்சோலையில் தங்கிய இரவு, நலன்புரிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை. வரமுடியாமல் போனவர்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)



விடியுமுன்னே லயத்தை விட்டு இறங்கி, கண்டி, குருநாகல், புத்தளம் என்று பஸ்ஸில் ஆடி ஆடி வந்து, இப்பொழுதுதான் சாப்பிட்டு முடித்திருக்கிறீர்கள். பிள்ளைகளில் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். நீண்ட பிரசங்கம் செய்தால் நீங்களும் தூங்கிவிடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் நாளைக் காலையில் தலவிலக் கோயிலுக்குள் கால் வைப்பதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, அந்தக் கோயிலின் கதை. மற்றது, எங்கள் குழு உங்களுக்குப் பட்டிருக்கிற ஒரு கடன். அதைக் கடைசியில் சொல்கிறோம்.

நாம் இருக்கிற இடம்

கிழக்கே புத்தளம் களப்பு, மேற்கே பெருங்கடல். நடுவில் நீளமாகக் கிடக்கிற இந்த மணல் நிலம்தான் கற்பிட்டித் தீபகற்பம். பாலாவிச் சந்தியில் நம்ம பஸ் திரும்பியதே, அங்கிருந்து கற்பிட்டி வரைக்கும் போகிற றோட்டில்தான் நுரைச்சோலையும் தலவிலவும் இருக்கின்றன. வழியெல்லாம் வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். நமக்கு மலை ஏறிக் கொழுந்து பறிக்கிற பாடு. இவர்களுக்கு மணலில் கிணறு தோண்டித் தண்ணீர் இறைக்கிற பாடு. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாரும் கலந்து வாழ்கிற ஊர்கள் இவை. 1990-ம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்து தங்கியதும் இந்தப் புத்தளம், கற்பிட்டிப் பக்கத்தில்தான். வீடு இழந்து வந்தவர்களுக்கு இடம் கொடுத்த மண் இது.

அங்கே தெரிகிற வெளிச்சமும் புகைபோக்கியும் அனல் மின்நிலையம். லக்விஜய என்று பெயர். முதலாவது பகுதி 2011-ல் திறக்கப்பட்டது. 2014-ல் மூன்று பகுதிகளும் சேர்ந்து 900 மெகாவாட் ஆயிற்று. நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கிற இடம். நம்ம காம்பராவில் எரிகிற பல்புக்கும் இங்கிருந்து வருகிற மின்சாரத்தில் பங்கு உண்டு. அதைக் கட்டப் போகிறார்கள் என்றபோது மீனவர்களும் விவசாயிகளும் சிலாபம் மறைமாவட்டத்துக் கத்தோலிக்கரும் எதிர்த்து நின்றார்கள். மீன்பாடு கெடும், பயிரில் சாம்பல் விழும், சில மைல் தள்ளி இருக்கிற தலவிலத் திருத்தலத்தின் அமைதி போய்விடும் என்பது அவர்கள் வாதம். கடைசியில் நிலையம் கட்டப்பட்டது. சோளகக் காற்று வீசுகிற காலத்தில் கரித்தூசியும் சாம்பலும் பறக்கிறது என்ற முறைப்பாடு அதற்குப் பிறகும் எழுந்தது. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், அதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு பழைய கோயிலுக்காகவும் இத்தனை பேர் குரல் கொடுத்தார்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அப்படி என்ன இருக்கிறது அந்தக் கோயிலில்?

வேலை தேடி நடந்தவன்

தலவிலக் கோயில் எப்படித் தோன்றியது என்பதற்கு இரண்டு கதைகள் வழங்குகின்றன. இரண்டும் வாய்வழியாக வந்தவை.

முதல் கதையில் வருபவன் ஓர் ஏழைப் போர்த்துக்கேயன். மன்னாரிலிருந்து கொழும்புக்கு வேலை தேடி நடந்தே போனான். நினைத்த மாதிரி வேலை அமையவில்லை. மனம் வெறுத்துத் திரும்பி, கடற்கரை வழியாகவே மன்னாருக்கு நடந்தான். தலவிலப் பக்கம் வந்தபோது உடம்பு சோர்ந்து, ஒரு பெரிய ஆலமரத்தடியில் படுத்துவிட்டான். தூக்கத்தில் ஒரு காட்சி கண்டான். விழித்துப் பார்த்தால் எதிரே ஒரு சுரூபம், அதன் முன்னே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது மாதாவின் தாயார் புனித அன்னம்மாள் என்று அறிந்துகொண்டு, அங்கேயே ஒரு சிறிய ஆலயம் அமைத்தான் என்பது கதை.

இரண்டாவது கதையில் ஓர் ஐரோப்பிய வியாபாரி வருகிறார். அவருடைய கப்பல் இந்தக் கரையில் உடைந்தது. உயிர் தப்பியவர்கள், தாங்கள் கொண்டுவந்த சுரூபத்தை ஆலமரத்தடியில் வைத்து, தொழில் செழித்தால் திரும்பி வந்து கோயில் கட்டுவோம் என்று நேர்த்தி வைத்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

எது நடந்தது என்று வாதாடுவது நம்ம வேலை இல்லை. ஆனால் முதல் கதையைக் கேட்கும்போது நமக்கு யார் ஞாபகம் வருகிறது? நம்ம பாட்டன் பூட்டன்தானே! இந்தியாவிலிருந்து தோணியில் வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் கழிச்சலிலும் செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. அந்த நடையை நினைத்துத்தான் 2023-ம் ஆண்டு, மலையக மக்கள் வந்து 200 வருஷம் ஆனதை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நம்ம ஆட்கள் நடைபயணம் போனார்கள். ஜூலை 28-ந் திகதி தொடங்கி ஓகஸ்ட் 12-ல் முடித்தார்கள். வேலை தேடி நடந்து, களைத்து, மரத்தடியில் படுத்தவனுக்குத்தான் அன்னம்மாள் காட்சி கொடுத்தார் என்று இந்தக் கரையின் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் கோயில் நமக்குச் சொந்தம்.

ஒளிந்து பிழைத்த விசுவாசம்

இனி எழுத்திலுள்ள சரித்திரத்துக்கு வருவோம். போர்த்துக்கேயர் காலத்தில் கற்பிட்டியில் இயேசு சபைக் குருமாரின் சிற்றாலயம் இருந்தது. ஒல்லாந்தர் வந்து அந்த இடத்திலேயே 1667 முதல் 1676 வரை கோட்டை கட்டினார்கள். அந்தக் கோட்டை இன்றும் நிற்கிறது. கடற்படை முகாமாக இருக்கிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்க வேதத்தைத் தடை செய்தார்கள். குருமாரை வீட்டில் மறைத்து வைப்பவர்களுக்கு மரண தண்டனை என்று 1658-லேயே கட்டளை பிறப்பித்தார்கள். கோயில்கள் பறிபோயின. கரையோரத்து மக்கள் செபமாலையை மடியில் ஒளித்து வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

அந்தக் காலத்தில் கோவாவிலிருந்து ஒரு குருவானவர் வந்தார். பெயர் யோசேப் வாஸ். 1687-ல் வந்தவர், பிடிபடாமல் இருக்கப் பரதேசி போலவும் கூலியாள் போலவும் வேடம் போட்டு, வெறுங்காலோடு நடந்தார். யாழ்ப்பாணப் பக்கம் ஒளிந்து வேலை செய்துவிட்டு, புத்தளத்துக்கு வந்து, இங்கிருந்து கண்டி இராச்சியத்துக்குப் போனார். 1692-ல் கண்டியில் அவரை ஒற்றர் என்று நினைத்துச் சிறையில் போட்டார்கள். பிறகு அரசரே அவருடைய நல்ல குணத்தை அறிந்து விடுதலை செய்தார். 1711 ஜனவரி 16-ல் கண்டியிலேயே காலமானார். 1995-ல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்புக்கு வந்து அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தார். 2015 ஜனவரி 14-ல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். கூலியாள் வேடம் போட்டவரைத்தான் இன்று பீடத்தில் வைத்து வணங்குகிறோம். கூலி என்ற சொல்லை வசையாகக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். இதை மறந்துவிடக் கூடாது.

ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்த பிறகு, 1806-ல், கத்தோலிக்கர் மேல் இருந்த தடைகள் நீக்கப்பட்டன. ஒளித்து வைத்த சுரூபங்கள் வெளியே வந்தன. ஓலைக் கொட்டில்கள் இருந்த இடங்களில் கற்கோயில்கள் எழும்பின. இப்பொழுது தலவிலவில் நாம் பார்க்கிற கோயில் 1843-ம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதே வருஷங்களில்தான் மலைநாட்டில் காடு வெட்டிக் கோப்பித் தோட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே கோயில் சுவர் எழும்பியபோது அங்கே நம்ம முன்னோர் மரம் தறித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் ஒரே வயசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வருஷத்துக்கு இரண்டு திருவிழா. மார்ச் மாதத்தில் ஒன்று, ஜூலை ஓகஸ்டில் ஒன்று. பூசை சிங்களத்திலும் நடக்கும், தமிழிலும் நடக்கும். இந்தக் கரையோர மீனவர்களில் முன்னே தமிழ் பேசி இப்பொழுது சிங்களம் பேசுகிற குடும்பங்கள் ஏராளம். இந்துக்களும் பௌத்தர்களும்கூட நேர்த்தி வைத்து வருகிறார்கள். நம்ம பஸ்ஸிலேயே மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிற அண்ணன்மார் ஏழெட்டுப் பேர் வந்திருக்கிறீர்கள். அன்னம்மாள் ஒரு பாட்டி. பாட்டி வீட்டுக்கு வருகிறவனிடம் யாரும் சாதி சமயம் கேட்பதில்லை.

சுண்ணாம்பு செய்த வேலை

நாளைக்குக் கோயிலுக்குள்ளே போனதும் நிமிர்ந்து தூண்களைப் பாருங்கள். முதிரை மரத்தில் செதுக்கிய தூண்கள். முதிரை என்பது நம்ம நாட்டு வறண்ட காட்டில் வளர்கிற கெட்டியான மரம். கறையானுக்கு இலேசில் மசியாது. பட்டுப் போல மினுமினுப்பு இருக்கும். ஏறத்தாழ 180 வருஷமாக உப்புக் காற்றிலும் மெழுகுதிரிப் புகையிலும் நிற்கிற மரம் அது.

சுவரைப் பற்றி யோசித்துப் பாருங்கள். வருகிற வழியில் பாலாவியில் பெரிய சீமெந்துத் தொழிற்சாலையைப் பார்த்தோம் இல்லையா? இன்றைக்கு இந்தப் பக்கம் சீமெந்துக்குப் பேர்போன பக்கம். ஆனால் போர்ட்லண்ட் சீமெந்து என்ற சாமானுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்ததே 1824-ல்தான். 1843-ல் இந்தக் கரையில் கோயில் கட்டிய கொத்தனார்களுக்குக் கைவசம் இருந்தது சுண்ணாம்பு. சிப்பியையும் பவளக்கல்லையும் சூளையில் சுட்டு, தண்ணீர் ஊற்றி நீற்றி, மணலோடு சேர்த்து அரைத்துப் பூசுவார்கள். இந்தக் கரையோரத்து வழக்கம் அது. இப்பொழுது கடலில் பவளக்கல் எடுப்பது சட்டப்படி தடை. எடுக்கவும் கூடாது, கடல் அரிக்கும்.

சுண்ணாம்பு மெதுவான சாமான். காற்றிலிருக்கிற கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, வருஷக்கணக்கில் திரும்பக் கல்லாக மாறும். அதற்கு இரண்டு நல்ல குணங்கள் உண்டு. சுவர் கொஞ்சம் அசைந்தால் தானும் இளகிக் கொடுக்கும்; பெரிதாக வெடிக்காது. இரண்டாவது, ஈரத்தை அடைத்து வைக்காது. நிலத்திலிருந்து ஏறுகிற ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே வந்து காய்ந்து போகும். நாம் வேர்வை விடுகிற மாதிரி சுவரும் வேர்வை விடும். அதனால்தான் பழைய சுவர்கள் நிற்கின்றன.

சீமெந்து நல்ல சாமான்தான். புதுக் கட்டடத்துக்கு அது வேண்டும். ஆனால் பழைய சுவருக்குச் சீமெந்து பூசுவது, வேர்க்கிற உடம்புக்கு றப்பர்க் கோட்டு மாட்டி வெயிலில் நிறுத்துகிற மாதிரி. ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே மேலே மேலே ஏறும். கடற்கரையில் என்றால் அந்த ஈரத்தோடு உப்பும் சேரும். உப்பு உறைந்து பருக்கும்போது செங்கல்லையே உடைத்து மாவாக்கிவிடும். வெளியே பார்த்தால் பூச்சு பளபளவென்று இருக்கும். தட்டிப் பார்த்தால் டம் டம் என்று வெறுஞ் சத்தம் கேட்கும். உள்ளே சுவர் செத்துக்கொண்டிருக்கும்.

கூரை போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கடலுக்கு அக்கரையிலே உதாரணம் இருக்கிறது. தனுஷ்கோடியில் பவளக்கல்லால் கட்டிய ஒரு தேவாலயம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரே போயிற்று. கோயிலின் கூரையும் போயிற்று. கூரையில்லாத மொட்டைச் சுவர்கள் மட்டும் மணலில் நிற்கின்றன. பார்க்கப் போகிறவர்கள் படம் பிடிக்கிறார்கள், பூசை வைப்பார் இல்லை. கோயில் என்பது சுவர் மட்டும் அல்ல. அதைக் கவனிக்க ஆட்கள் வேண்டும்.

திருத்துவது என்றால் அழிப்பது அல்ல

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. அன்றைய குண்டுவெடிப்புகளில் நாடு முழுவதும் 260-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலும் இரத்தத்தில் நனைந்தன. கொச்சிக்கடைக் கோயிலைக் கடற்படையினர் திருத்திக் கொடுத்து, இரண்டு மாதத்துக்குள்ளே, ஜூன் 12-ல் மீண்டும் அபிஷேகம் செய்தார்கள். கட்டுவாப்பிட்டிக் கோயில் ஜூலை 21-ல் திறக்கப்பட்டது. புதுக் கூரை போட்டார்கள், சுவரைப் பூசினார்கள். ஆனால் இரத்தம் தெறித்த உயிர்த்த ஆண்டவரின் சுரூபத்தை மட்டும் கழுவித் துடைக்காமல், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அங்கே போகிறவர்கள் அதன் முன்னால் நின்று அழுகிறார்கள்.

இதுதான் நாங்கள் படித்துக்கொண்ட பாடம். ஒரு கோயிலைத் திருத்தும்போது எதை மாற்ற வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், எதை மாற்றக் கூடாது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை எங்கள் குழு கேட்கவில்லை. இனி அந்தக் கடனுக்கு வருகிறோம்.

எங்கள் பிழை

நம்ம மேல் டிவிசன் வேதக் கோயில் உங்கள் எல்லாருக்கும் தெரியும். கருங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து, தகரக் கூரை போட்டு, நம்ம பெரியவர்கள் பிரட்டு முடிந்த பிறகு மாலை நேரத்தில் கல் சுமந்து கட்டியது. சில வருஷத்துக்கு முன்னால் சுவர் கறுத்துப் பாசி பிடித்திருக்கிறது என்று கூட்டம் போட்டோம். ஒவ்வொரு குடும்பமும் ஒரு நாள் பேரைக் கொடுத்தீர்கள். நாங்கள் என்ன செய்தோம்? பழைய சுண்ணாம்பை எல்லாம் கொத்தித் தள்ளிவிட்டு, உள்ளும் புறமும் சீமெந்து பூசி, மேலே பளபளப்பான பெயின்ட் அடித்தோம். திறப்பு விழாவில் எல்லாரும் கை தட்டினீர்கள். நாங்களும் மாலை போட்டுக்கொண்டோம்.

இரண்டு மழைக்காலம் தாண்டவில்லை. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. முன்னே முழங்கால் உயரத்தில் இருந்த ஈரம் இப்பொழுது நெஞ்சு உயரத்துக்கு ஏறியிருக்கிறது. கொத்தனார் மேலே பழி போட்டோம், சாமானில் கலப்படம் என்றோம். உண்மை அது இல்லை. யாரையும் கேட்காமல் முடிவெடுத்தது நாங்கள்தான்.

அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று. வாசல் நிலைக்கு மேலே சுண்ணாம்புப் பூச்சில் கோயில் கட்டின வருஷமும், ஏழெட்டுப் பேருடைய பெயரும் கீறியிருந்தது. அதையும் கொத்திப் போட்டோம். யாரும் படம்கூட எடுத்து வைக்கவில்லை. போன மாதம் ஒரு பாட்டி எங்களைப் பார்த்து, "தம்பி, எங்கப்பா பேரு இந்த ஒலகத்துல எழுதியிருந்தது அந்த ஒரு எடத்துலதான். அதையும் அழிச்சிட்டீங்களே" என்று சொன்னார். எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். நம்ம முன்னோருக்குக் காணி உறுதி இல்லை. கங்காணியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு நம்பர், அவ்வளவுதான். புதைகுழியின் மேலேகூடத் தேயிலை நட்டிருக்கிறார்கள். அவர்கள் கையால் கட்டி, தங்கள் பெயரைத் தாங்களே எழுதி வைத்தது கோயில் ஒன்றில்தான். மாரியம்மன் கோயிலாக இருந்தாலும் வேதக் கோயிலாக இருந்தாலும் இதே கதைதான்.

இனிச் செய்ய வேண்டியது

இப்பொழுது தோட்டத்தில் ஒரு பேச்சு நடக்கிறது. இந்தச் சுவர் இனி உருப்படாது, இடித்துவிட்டு கொங்கிரீட்டில் புதுக் கோயில் கட்டுவோம் என்கிறார்கள். அவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர்கள் நம்பிக்கையைக் கெடுத்தது நாங்கள்தான். ஆனாலும், இடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். கருங்கல் சுவர் நேராகத்தான் நிற்கிறது. நோய் பூச்சில்தான். இந்த முறை விஷயம் தெரிந்தவர்களை விசாரித்து, வேலையின் ஒழுங்கை எழுதி வைத்திருக்கிறோம்.

முதலில் கூரை. ஓட்டைத் தகரத்தை மாற்றி, பீலியைச் சரிசெய்து, மழைத்தண்ணீர் சுவரில் விழாமல் பண்ண வேண்டும். மேலே ஒழுகும்போது கீழே பூசுவது வீண் வேலை.

இரண்டாவது கான். கோயிலைச் சுற்றி மண் மேடு தட்டி, உள் தரையைவிட உயரமாகிவிட்டது. அதை வெட்டி இறக்கி, சுற்றிக் கான் வெட்டி, தண்ணீரைப் பள்ளத்துக்கு விட வேண்டும். கான் வெட்ட நமக்கு யாரும் வகுப்பு நடத்தத் தேவையில்லை!

மூன்றாவது, சீமெந்துப் பூச்சைச் சிற்றுளியால் மெதுவாக எடுத்து, சுவரைச் சும்மா விட வேண்டும். மாதக்கணக்கில் காய வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லாருக்கும் அவசரம் வரும். பொறுக்க வேண்டும்.

நான்காவது, ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மூன்று பங்கு கழுவிய மணல் என்று சேர்த்து, மெல்லிய படைகளாகப் பூச வேண்டும். வெயிலில் சட்டென்று காயாமல் ஈரச்சாக்கு தொங்கவிட வேண்டும். கடைசியில் பெயின்ட் வேண்டாம், வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் போதும். சுண்ணாம்புக்குக் கடலைத் தேட வேண்டியதில்லை. மாத்தளை, கண்டிப் பக்கத்துச் சூளைகளில் நிலத்துக் கல்லிலிருந்து எடுக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் படும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது, வேலை செய்கிறவர்கள் கண்ணாடியும் கையுறையும் போட வேண்டும்.

ஐந்தாவது, எதையும் தொடுவதற்கு முன்னால் படம் எடுத்து, எழுதி வைக்க வேண்டும். நூறு வருஷம் தாண்டிய கட்டடம் என்று தோன்றினால், தொல்லியல் திணைக்களத்தையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. புராதனச் சின்னங்களைக் காப்பதற்கு 1940-ம் ஆண்டிலிருந்தே நாட்டில் சட்டம் இருக்கிறது. தெரியாமல் கை வைத்துவிட்டுப் பிறகு கையைப் பிசையக் கூடாது.

இதற்குப் புதுப் பணம் உங்களிடம் கேட்க மாட்டோம். முதலில் வீணாக்கினது உங்கள் ஒரு நாள் பேர். ஆகவே குழுவிலுள்ள நாங்கள் ஒவ்வொருவரும் மாதம் ஒரு நாள் பேரை வேலை முடியும் வரைக்கும் கொடுக்கிறோம். கான் வெட்டவும் மண் சுமக்கவும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் முதலில் வந்து நிற்போம். உங்களால் முடிந்தால் கை கொடுங்கள். இடிப்பதா, திருத்துவதா என்பதை அடுத்த பொதுக்கூட்டத்தில் நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். இந்த முறை எங்கள் கை மட்டும் உயர்ந்து முடிவாகாது.

இன்னொன்று. அழிந்துபோன அந்தப் பெயர்களில் எத்தனை பேர் ஞாபகத்தில் இருக்கின்றன என்று வயசானவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறோம். இதுவரை நாலு பெயர் கிடைத்திருக்கிறது. பாட்டியின் அப்பா பெயரும் அதில் இருக்கிறது. மீதியை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். பூச்சு முடிந்ததும், ஈரம் காயுமுன்னே, அதே இடத்தில் திரும்ப எழுதுவோம்.

நாளைக்குக் கோயிலில்

கடைசியாகச் சில வார்த்தை. நாளைக்குச் சனம் நெருக்கும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம். சோளகக் காலத்துக் கடல் மலைநாட்டு ஆறு மாதிரி இல்லை. தூண்களில் எண்ணெய்க் கையை வைக்காதீர்கள், ஆணி அடிக்காதீர்கள், சாவியால் பெயர் கீறாதீர்கள். மெழுகுதிரியை அதற்கென்று வைத்த இடத்திலேயே ஏற்றுங்கள். சாப்பிட்ட கடதாசியும் பொலித்தீனும் நம்ம பஸ்ஸிலேயே திரும்பி வரட்டும்.

பிறகு ஒரு நிமிஷம் ஒதுங்கி நின்று அந்தச் சுவரையும் தூணையும் கூரையையும் பாருங்கள். வேலை தேடி நடந்து களைத்தவன் ஒருவனின் கதையிலிருந்து வளர்ந்த கோயில் அது. அதை இத்தனை காலம் நிற்க வைத்தது, ஒவ்வொரு வருஷமும் ஓட்டை மாற்றி, ஒட்டடை அடித்து, சுண்ணாம்பு தடவிய, பெயர் தெரியாத ஆட்களின் கைகள். அந்தக் கைகள் நம்மிடமும் இருக்கின்றன.

விடியற்காலை நாலரைக்குத் தேத்தண்ணி. ஐந்து மணிக்கு பஸ் புறப்படும். எல்லாரும் நல்லாத் தூங்குங்கள்.